உறக்கத்தில் முங்கிய இருவர்

மருந்துக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: தூங்கும்போது மட்டும் வரும் நோயைப் பற்றி யாரிடம் விசாரிப்பீர்கள்? "நோயாளியிடம்" என்று சொன்னால் நீங்களும் என்னைப் போலவே தொடங்குகிறீர்கள் என்று அர்த்தம். என்னைப் போலத் தொடங்குவது அவ்வளவு நல்லதல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். அதில் முதல் ஆறு வருஷம் தூத்துக்குடிக் கடற்கரையில். வேலையில் சேர்ந்த நாள் முதல் டைரி எழுதும் பழக்கம் உண்டு. கிழமை தவறாமல் எழுதுவேன். இப்போது சொல்லப்போவது 1946 ஐப்பசியில் தொடங்கியது. திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று என் மனைவிக்கும் எனக்கும் ஒரு தடவை வாக்குவாதம் வந்து, டைரியை எடுத்துப் பார்த்தோம். திங்கள்தான். அவளுக்கு அப்போது என்னைத் தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மருந்தகம் கடலைப் பார்த்த இரண்டு அறைக் கட்டடம். ஒரு அறையில் டாக்டர், இன்னொன்றில் நானும் என் பாட்டில்களும். தோணிக்காரர்கள், துறைமுகக் கூலிகள், சங்கு குளிப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். சங்குச் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு குளிகாரரையும் எங்கள் டாக்டர் பரிசோதித்து, "குளிக்கத் தகுதி" என்று சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு இல்லாதவரை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள்.

டாக்டரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் இருந்தால் விரும்ப மாட்டார். கோட்டுப் பொத்தான் கழுத்தில் பூட்டாத அளவுக்குப் பெரிய உடம்பு. பெரிய படிப்பு. பெரிய குரல். மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வைத்தியப் பத்திரிகை படிப்பார். படிக்கும்போது அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவர் படிக்கிற சத்தத்தில் என் அலமாரியிலுள்ள காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நான் எதுவும் சொன்னதில்லை. அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பரிசோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் கஸ்பார். முப்பது வயதிருக்கும். கல்லைக் கட்டிக் கடலில் இறங்கினால் மற்றவர்கள் நாலு சங்கு பொறுக்கும் நேரத்தில் ஏழு பொறுக்குவார் என்று பெயர். கூடவே மிக்கேல் வந்திருந்தார். கஸ்பாரின் மனைவி மதலேனாளுக்கு அண்ணன்.

இந்த உறவை நீங்கள் கவனிக்க வேண்டும். குளிகாரர் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே வள்ளத்தில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவரின் உயிர் அந்தக் கையில்தான். அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். தங்கை தாலியறுக்கக் கூடாது என்ற பயம் இருப்பவன் கை அசராது என்பதுதான் காரணம். மிக்கேல் ஒன்பது வருஷமாகக் கஸ்பாரின் கயிற்றைப் பிடித்து வந்தார். கஸ்பார் இறங்கியதும் வாய்க்குள் எண்ணத் தொடங்குவார். எண்ணி எண்ணி அதுவே பழக்கமாகிவிட்டது. கரையில் நடக்கும்போதும் உதடு அசையும். கோயிலில் பிரசங்க நேரத்தில் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பக்தியான மனுஷனை நான் கண்டதில்லை என்று சாமியார் மெச்சியிருக்கிறார். மிக்கேல் எண்ணிக்கொண்டிருந்தது சாமியார் மூச்சு வாங்காமல் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதை.

டாக்டர் அன்று ஒரு வழக்கில் சாட்சி சொல்லத் திருநெல்வேலி போய்விட்டார். புதன்கிழமைதான் வருவார். பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளும்படி என்னிடம் சொல்லியிருந்தார். பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தால், கஸ்பார் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மிக்கேல் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன அண்ணே, ராத்திரி தூங்குறதில்லையா?" என்று கஸ்பாரிடம் கேட்டேன்.

"எங்கங்கய்யா. ஒறங்குன மாதிரியே இல்ல. விடிஞ்சா தலை கல்லா இருக்கு. பகல்ல எங்கன சாஞ்சாலும் கண்ணு சொருகுது."

"கம்பவுண்டரய்யா, நான் ஒண்ணு சொல்லுதேன்," என்று மிக்கேல் முன்னால் வந்தார். "இவன் தூங்காம இல்ல. தூங்குதான். தூக்கத்துல மூச்சு நின்னுபோவுது."

"அது தெரிஞ்ச விஷயந்தானே," என்றேன்.

உண்மையில் தெரிந்த விஷயம்தான். அந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும். மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு வள்ளத்து நிழலில் கஸ்பார் மல்லாந்து படுப்பார். குறட்டை மேலே ஏறி ஏறிப் போய், திடீரென்று அறுந்து நிற்கும். மூச்சே இருக்காது. பிறகு ஒரு பெரிய உறுமலோடு மறுபடி வரும். இதைப் பார்க்க ஆட்கள் கூடுவார்கள். "பொறவிக் குளிகாரன்லே! ஒறக்கத்துலயும் முங்குதான் பாரு!" என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். மற்ற குளிகாரர்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களும் பழகிப் பார்த்ததாகக் கேள்வி. நானும் இரண்டு தடவை போய் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். தொழிலில் தேர்ந்தவனுக்குத் தூக்கத்திலும் தொழில் வருகிறது என்று அன்றைய டைரியில் எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

"தெரிஞ்ச விஷயம் இல்லய்யா," என்றார் மிக்கேல். "தண்ணிக்குள்ள அவன் நின்னா என் கையில கயிறு இருக்கு. பாயில நின்னா எதைப் புடிச்சு இழுக்கது?"

அந்த மனிதர் நோயின் முழு விவரத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கொண்டேன், காதில் வாங்கவில்லை. என் புத்தியில் ஏற்கெனவே கணக்கு முடிந்துவிட்டது: ராத்திரி தூக்கம் சரியில்லை, அதனால் பகலில் தூக்கம் வருகிறது, ஆகவே நன்றாகத் தூங்க மருந்து கொடுக்க வேண்டும். டாக்டர் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற தூக்க மிக்சர் எனக்கு மனப்பாடம். ஒரு பாட்டில் கலந்து, வேளை அளவு காட்டும் காகிதப் பட்டியை அழகாகக் கத்தரித்து ஒட்டி, கையில் கொடுத்தேன். பட்டி கத்தரிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

"இதைக் குடிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம்," என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன வார்த்தை அப்படியே பலித்தது.

மறுநாள் செவ்வாய், மத்தியானம் ஒரு மணிக்கு மதலேனாள் தலைமுடி அவிழ ஓடிவந்தாள். "கம்பவுண்டரய்யா! அவுக எழும்ப மாட்டேங்காக! அண்ணன் இழுக்கான், எழும்ப மாட்டேங்காக!"

ஓடினேன். வள்ளத்து நிழலில் வழக்கமான கூட்டம். நடுவில் கஸ்பார் மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கணுக்காலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மறுமுனை மிக்கேல் கையில். பாயில் இழுக்கக் கயிறு இல்லை என்று என்னிடம் சொன்னவர், நான் உதவாமல் போனதும் தாமே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். மூச்சு நின்று முப்பது எண்ணியதும் ஒரு சுண்டு சுண்டுவாராம். கஸ்பார் உறுமி மூச்சு வாங்குவாராம். ராத்திரி ஒரு வேளை குடித்தபோது அப்படித்தான் நடந்திருக்கிறது. மத்தியானம் இரண்டாவது வேளை குடித்த பிறகு, சுண்டினால் கால் மட்டும் மேலே வந்து தொப்பென்று விழுந்தது.

கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. "அம்பத்தாறு! அம்பத்தேழு!" என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தொட்டதும் ஒரு ஆரவாரம். மிக்கேல் மட்டும் எண்ணவில்லை. அவர் உதடு அசையாமல் இருந்ததை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

கஸ்பாரின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று உங்களுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். நோயைப் பற்றி எதையுமே யோசிக்கவில்லை. எனக்கு நிரந்தரமாகாத வேலையைப் பற்றியும், சொந்த ஊரான நாசரேத்தில் என் அப்பா என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமையைப் பற்றியும்தான் யோசித்தேன். பிறகு, மூழ்கியவனைக் கரைக்குக் கொண்டுவந்தால் செய்வது மட்டும் நினைவுக்கு வந்தது. "பொரட்டுங்க!" என்று கத்தினேன். மிக்கேலும் நானும் சேர்ந்து அவரை ஒருக்களித்துப் புரட்டினோம். தாடையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். உள்ளே ஏதோ அடைப்பு விட்ட மாதிரி ஒரு சத்தம். கொம்பு ஊதியது போல ஒரு உறுமல். மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியது.

கஸ்பார் ஒரு கண்ணைத் திறந்தார். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். கணுக்காலைப் பார்த்தார்.

"எவம்லே என்னைய மாடு மாதிரி கட்டிப் போட்டது?"

கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "நல்லாப் போய்க்கிட்டிருந்தான். நூறு தொட்டிருப்பான். வந்து கெடுத்துட்டீரே!"

கஸ்பாரின் மருந்து முறியும்வரை மிக்கேலும் மதலேனாளும் நானும் அவரை உட்காரவைத்து, மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம். பாட்டிலை வாங்கி மணலில் கவிழ்த்தேன். அழகான காகிதப் பட்டி ஈரத்தில் உரிந்து விழுந்தது.

புதன்கிழமை டாக்டர் வந்ததும், அவர் கோட்டைக்கூடக் கழற்றும் முன் போய்ச் சொல்லிவிட்டேன். இதை மட்டும் நான் அன்று சரியாகச் செய்தேன். நீங்களும் தவறு செய்வீர்கள். அதைப் பிறர் வாயால் உங்கள் டாக்டர் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவன் தூங்கலைன்னு உமக்கு யார் சொன்னா?"

"கஸ்பார்தான் ஐயா."

"தூங்கினவன் சாட்சி சொல்லுதான், நீர் பதிவு பண்ணுதீர். பக்கத்துல முழிச்சிருந்தவன் சொன்னது உமக்குச் சாட்சியாத் தெரியலை. ரெண்டு நாளா கோர்ட்டுல இருந்துட்டு வாரேன். அங்ககூட இந்தக் கூத்து இல்லைவே."

மூவரையும் வரச் சொன்னார். கஸ்பாரின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். தொண்டையின் இரு பக்கமும் நெல்லிக்காய் போல வீங்கி, நடுவில் விரல் போகத்தான் வழி இருந்தது. பிறகு சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"இந்த சீசன் கஸ்பாருக்குச் சீட்டு கிடையாது."

மதலேனாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்பார் குளிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் இருவருக்கு வேலை இல்லை. மிக்கேல் வேறு யாருடைய கயிற்றையும் பிடிக்க மாட்டார். அவருக்கு இருப்பது ஒரே தங்கை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. தகுதி இல்லை என்று ஒரு தடவை எழுதிய குளிகாரரை அடுத்த சீசனிலும் வள்ளக்காரர்கள் சேர்க்கத் தயங்குவார்கள்.

"தண்ணிக்குள்ள நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் ஐயா!" என்றார் கஸ்பார்.

"வள்ளத்துல? காலுல கல்லைக் கட்டிக்கிட்டு நின்னு தூங்கினா?"

கஸ்பார் மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் தரையைப் பார்த்தார். போன சீசனில் அப்படி ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

டாக்டர் பேனாவை மூடினார். "என் கண்ணால பார்க்காம எழுத மாட்டேன். நாளைக்கு மத்தியானம் இங்கேயே வந்து தூங்கட்டும். பார்த்துட்டு முடிவு சொல்லுதேன்."

வியாழக்கிழமை மதலேனாள் சோறும் சாளைக் குழம்பும் கொண்டுவந்தாள். தூக்கம் நன்றாக வர வேண்டும் என்று கஸ்பாருக்கு அதிகமாகப் போட்டாள். டாக்டரின் வீட்டுச் சாப்பாடும் வந்தது. அவரும் குறைவாகச் சாப்பிடவில்லை. பிறகு கஸ்பார் பரிசோதனைப் பெஞ்சில் மல்லாந்து படுத்தார். டாக்டர் சாய்வு நாற்காலியில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவரோரம் மிக்கேல். கதவோரம் நான். வெளியே மதலேனாள்.

நின்றால் தூங்கும் கஸ்பார், பெயர் எழுதும்போது தூங்கும் கஸ்பார், பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் சாமியார் காலைத் தொட்டபோது தூங்கிப்போன கஸ்பார், அன்றைக்குத் தூங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி விறைத்துக் கிடந்தார்.

"கண்ணை மூடுவே," என்றார் டாக்டர்.

"மூடிட்டுத்தான் ஐயா இருந்தேன். நீங்க பாக்கது தெரியுது."

கால் மணி நேரம் போயிற்று. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்தது. டாக்டரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. என் அறையில் காலி பாட்டில்கள் மெல்ல இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கஸ்பார் பெஞ்சில் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். "மச்சான், ஐயா ஒறங்கிட்டாக."

"சத்தம் போடாத மாப்ள."

"நானும் இப்படித்தான் சத்தம் போடுவனா?"

"இது கோயில் மணி. நீ கப்பல் சங்கு."

சத்தம் ஏறியது. ஏறி ஏறி உச்சிக்குப் போய், திடீரென்று அறுந்தது.

அமைதி. வெளியே ஒரு காகம் கத்தியது. டாக்டரின் மார்பு மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டது. ஆனால் மூச்சு உள்ளே போகவில்லை. மிக்கேலின் உதடு தன்னால் அசையத் தொடங்கியது. அவர் வலது கை காற்றில் எதையோ தேடியது.

இருபதில் அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கம்பவுண்டரய்யா, இருவத்தஞ்சு."

"பொறுங்க. ஐயா எப்பவும் அப்படித்தான். வந்துரும்."

இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் வேடிக்கை பார்த்த கூட்டம் சொன்னதும் இதையேதான். இரண்டு நாளுக்கு முன்னால் நாவல்பழ நிற உதட்டைப் பார்த்துவிட்டு வந்தவன், அதே வாயால் சொல்கிறேன். நோயாளி என் மேலதிகாரி என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"முப்பது," என்றார் மிக்கேல். "இழுக்கவா?"

"ஐயாவையா? வேண்டாம் அண்ணே!"

பெஞ்சிலிருந்து கஸ்பார் கீழே குதித்தார். இத்தனை வருஷத்தில் இந்த நோயைப் பற்றி எல்லாரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. "மச்சான்! என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஐயா செத்துருவாக! இழு மச்சான்!"

அறையில் கயிறு கிடையாது. கயிறு போல இருந்தது ஒன்றுதான். டாக்டரின் கழுத்திலிருந்து தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை மிக்கேல் பிடித்து, ஒன்பது வருஷப் பழக்கத்தோடு ஒரு சுண்டு சுண்டினார்.

டாக்டர் ஒரு உறுமலோடு எழுந்தார். மேசையிலிருந்த மைக்கூடு பறந்தது. கடிகாரம் என் காலடியில் வந்து விழுந்தது. "எவம்லே அது!"

மிக்கேல் கையை விடாமல், வள்ளத்தில் சொல்வது போலவே சொன்னார்: "நாப்பத்திரெண்டு, ஐயா."

"என்ன நாப்பத்திரெண்டு?"

"ஐயா, நீங்களும் முங்குதீக," என்றார் கஸ்பார்.

"நான்சென்ஸ்! கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும்வே."

என் வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அன்று கேட்டதைப் போல ஒன்று வந்ததில்லை. யோசிக்கிறார் என்று சொன்னால் வேலை நிலைக்கும். எதிரே சட்டையெல்லாம் மை தெறித்து, கழுத்தில் கோடு விழுந்து, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"தினமும் நடக்குது ஐயா. சாப்பாட்டுக்கு அப்புறம்."

"எத்தனை நாளா?"

"நான் சேர்ந்ததிலேருந்து. ரெண்டு வருஷம்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க படிக்கிறதாச் சொன்னீங்க."

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிக்கேல் அவர் விலாவில் ஒரு குத்து விட்டார். டாக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மிக்கேலைப் பார்த்து எதிர் நாற்காலியைக் காட்டினார். நோயாளிகள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிக்கேல் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சொல்லும். எப்ப அதிகமா நிக்குது?"

"மல்லாந்தா அதிகம் ஐயா. ஒருச்சாச்சுப் படுத்தா பாதிகூட இல்ல. கள்ளு குடிச்ச அன்னைக்கு ரொம்ப மோசம். வவுறு முட்டத் தின்னாலும் மோசம். சளி புடிச்சா ரெண்டு பங்கு."

"எழுப்பலைன்னா?"

"தன்னால வருது. வராத நாளைக்குன்னுதான் முழிச்சிருக்கோம்."

"யார் யாரு?"

"நானும் எந்தங்கச்சியும். ரெண்டு வருஷமா முறை போட்டுக்கிடுதோம்."

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். மதலேனாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை நான் அதுவரை பெண்பிள்ளைகளுக்கு வரும் சோகை என்று நினைத்து, மனத்துக்குள் அதற்கும் ஒரு மிக்சர் கலந்து வைத்திருந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். அலமாரியிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். "ஆள் பருத்தவனா இருந்தா இப்படித் தூங்குவான்னு ஒரு வரி இருக்கு. என்ன செய்யணும்னு எவனும் எழுதலை," என்றார். என்னிடம் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "என் வீட்லயும் ஆறு மாசமா அடுத்த ரூமுக்குப் போயிட்டாக. புழுக்கம்னு சொன்னாக."

மிக்கேல் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, கோவிச்சுக்கிடக் கூடாது. மாப்ளைக்குச் சீட்டு கிடையாதுன்னா, ஐயாவுக்கு யாரு சீட்டு பாக்கது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பாட்டில்களை அசைத்தது.

சீசன் தொடங்க ஒரு மாதம் இருந்தது. ஒரு மாதத்துக்கு இருவருக்கும் ஒரே வைத்தியம் என்று டாக்டர் முடிவு செய்தார். கள் கிடையாது. அரை வயிற்றுச் சாப்பாடு. முக்கியமாக, மல்லாந்து படுக்கவே கூடாது. தூங்குகிறவன் மல்லாந்து புரளாமல் எப்படித் தடுப்பது என்று கேட்டார். யோசனை சொன்னது மதலேனாள். பூச்சி அரித்து விலை போகாத சங்குகள் அவள் வீட்டில் கிடந்தன. பனியனின் முதுகில் ஒரு பை தைத்து அதற்குள் ஒரு சங்கை வைத்தால், மல்லாந்தால் குத்தும்; குத்தினால் புரண்டுவிடுவார்கள். கஸ்பாருக்கு நடுத்தரமான சங்கு. டாக்டருக்கு அது போதாது என்று பார்த்தவுடனே தெரிந்தது; அவருக்குப் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்தாள்.

ஒரு நாள் காலை அவசரத்தில் டாக்டர் அந்தப் பனியனைக் கழற்ற மறந்து, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கப்பல் ஏஜெண்டு துரை ஒருவர் ஏதோ உதவிக்கு நன்றி சொல்ல வந்து, போகும்போது சிநேகமாக அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டிய கையை உதறிக்கொண்டு நின்றார். டாக்டர் முகம் மாறாமல், "முதுகெலும்புக்கு ஒரு புதிய சிகிச்சை," என்றார். துரையின் விரல்களுக்கு நான் தைலம் தடவிக் கொடுத்தேன்.

தினமும் மத்தியானம் மிக்கேல் மருந்தகத்துக்கு வந்தார். இப்போது டாக்டர் சாய்வு நாற்காலியில் உட்காராமல் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தார். படுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மிக்கேலிடம் கொடுத்துவிடுவார். பத்திரிகையும் தலைமாட்டில் இருக்கும், மரியாதைக்காக. மிக்கேல் எண்ணிச் சொல்லும் தொகையை நான் தேதி போட்டு எழுதினேன். ஒரு நாள் அதை டாக்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கடிகாரம்தான் மெதுவாக ஓடியது; கீழே விழுந்ததிலிருந்து அதற்கு உடம்பு சரியில்லை.

டாக்டரின் நாற்பத்திரண்டு, முப்பதாகி, பதினைந்துக்கும் கீழே வந்தது. கஸ்பாருக்கும் குறைந்தது. அதைவிட, அவர் பகலில் விழித்திருந்தார். பிரசங்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு வந்து, இவ்வளவு நாள் தூங்கியதே மேல் என்று மிக்கேலிடம் சொன்னாராம்.

கார்த்திகைக் கடைசியில் டாக்டர் சீட்டு எழுதினார். சீசன் முடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டைச் சதையை எடுத்துக்கொள்ள வேண்டும். வள்ளத்தில் ஒரு தடவை கண் அயர்ந்தாலும் மிக்கேல் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். இந்த நிபந்தனைகளை எழுதிவிட்டு, கஸ்பாரிடம் கையெழுத்து வாங்கவில்லை. மிக்கேலிடம் வாங்கினார்.

அன்று மாலை நோயாளிப் பதிவேட்டில் ஒரு வரியை அவரே எழுதினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர். விவரம் சொன்னவர் என்று ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டு, "மிக்கேல், கயிறு பிடிப்பவர்" என்று எழுதினார். அந்தக் கட்டத்தை நான் பிறகு வேலை பார்த்த எல்லா ஊர்களிலும் போட்டேன். பக்கத்தில் படுப்பவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் தூக்க மருந்தைத் தொட்டதில்லை.

இப்போது இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. மூக்கில் பொருத்தும் இயந்திரம் இருக்கிறது; இரவு முழுதும் எண்ணிப் பார்க்கும் கருவி இருக்கிறது. நான் அதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். ஆகவே நீங்கள் யார் முதுகிலும் சங்கைக் கட்ட வேண்டாம். தகுந்த டாக்டரிடம் அனுப்புங்கள். ஆனால் அனுப்ப வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதை இன்றும் யாரோ ஒரு மிக்கேல்தான் வந்து சொல்வார். பெரும்பாலும் அவர் நோயாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

சீசன் தொடங்கிய முதல் நாள், ஒரு திங்கட்கிழமை. விடியற்காலையிலேயே வள்ளங்கள் போய்விட்டன. பத்து மணிக்கு டாக்டர் என்னை அழைத்து, கஸ்பார் வீட்டுக்குப் போய், நேற்று ராத்திரி எப்படி இருந்தார் என்று மதலேனாளிடம் கேட்டு வரச் சொன்னார்.

போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. நடு வீட்டில் வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்து, மதலேனாள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மூச்சு ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்தாள்.

"எழுப்பிராதீக. புருசன் தண்ணிக்குள்ள இருக்கான், அண்ணன் கையில கயிறு இருக்கு, இனி நான் ஒறங்குதேன்னு சொல்லிட்டுப் படுத்தா."

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். "கேட்க முடியலை ஐயா. பதில் சொல்ற ஆள் தூங்குது."

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"அதாம்வே பதில். தேதி போட்டு எழுதும்."